பழைய ராணுவக் கைத்துப்பாக்கி, சின்ன பட்ஜெட்: நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஓஹாயோவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை இருக்கிறது. உள்ளே 1876-இல் பிரான்சில் செய்த ஒரு ராணுவ ரிவால்வர். வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்கள் காபிக் கோப்பையோடு அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். அப்புறம் கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். அமெரிக்காவில் வாங்கிச் சேகரிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற நாடுகளைப் பற்றி இறுதிப் பகுதியில் கொஞ்சம் உண்டு.

அண்ணா, எவ்வளவு பழசா இருந்தா "ஆன்டிக்"னு சொல்வாங்க? நூறு வருஷமா?

நூறு வருடக் கணக்கு இங்கே செல்லாது. 1968-இல் வந்த கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது: 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது ஆன்டிக். 1899 ஜனவரியில் செய்தது ஆன்டிக் அல்ல, அது எத்தனை வயதானாலும் சரி. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை, அதாவது 1898 வரை செய்ததை, கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. டீலர் வழியாக, பின்னணிச் சோதனையோடு வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாநிலச் சட்டம் வேறு கதை, பின்னால் வருகிறேன்.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். மாடலின் பெயரில் இருக்கும் வருடம் தயாரித்த வருடம் ஆகாது. சுவிட்சர்லாந்தின் 1882 மாடல் ரிவால்வரை இருபதாம் நூற்றாண்டிலும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பெயரில் 1882 இருப்பதால் மட்டும் அது ஆன்டிக் ஆகிவிடாது.

எவ்வளவு காசு வேணும்? ஐந்நூறு டாலர்ல ஏதாவது தேறுமா?

ராணுவ முத்திரையோடு, பாகம் குறையாமல், நேர்மையான நிலையில் ஒன்று வேண்டுமென்றால் ஆயிரம் டாலரை ஒட்டி ஒதுக்குங்கள். ஐந்நூறுக்கும் கிடைக்கும். ஆனால் அந்த விலையில் ஏதாவது ஒன்று போயிருக்கும்: ஒரு திருகாணி, ஒரு ஸ்பிரிங், அல்லது பிடியின் மரம்.

பட்ஜெட் போடும்போது விலையை மட்டும் எழுதாதீர்கள். ஏல நிறுவனத்தில் எடுத்தால் ஏலம் முடிந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் என்று இருபது சதவீதத்தை ஒட்டிப் போடுவார்கள். அதற்கு மேல் அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், விற்பனை வரி. எண்ணூறுக்குக் கேட்டது ஆயிரத்தைத் தாண்டி வீட்டுக்கு வரும். முதல் ஐம்பது டாலரை அந்த மாடலைப் பற்றிய ஒரு நல்ல புத்தகத்துக்குக் கொடுங்கள். அதை வாங்காமல் துப்பாக்கி வாங்கியவர்கள்தான் என்னிடம் பிறகு வருத்தத்தோடு படம் அனுப்புகிறார்கள்.

சினிமால ஜெர்மன் ஆபீசர் வச்சிருப்பாரே, அந்த லூகர்தான் வேணும். கம்மி விலைக்கு வந்தா எடுத்துடவா?

முதலில், எந்த லூகரும் ஆன்டிக் ஆகாது. சுவிஸ் ராணுவம் அதை ஏற்றதே 1900-இல்தான். ஜெர்மன் கடற்படை 1904-இல், தரைப்படை 1908-இல். ஆக எல்லா லூகரும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அடுத்து, லூகரில் சின்னச் சின்னப் பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால்தான் விலை. மலிவாக வரும் லூகரைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பாகத்தில் 47, இன்னொன்றில் 12 என்று இருக்கும், அல்லது மேலே புதிதாக நீலப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். பேருக்குப் பணம் கொடுக்கிறோம், பொருள் கையில் வருவதில்லை. சின்ன பட்ஜெட்டில் புகழ்பெற்ற பெயரைத் துரத்தினால் எப்போதும் அதில் மோசமான ஒன்றுதான் கிடைக்கும். அதே பணத்தில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு மாடலில் மிக நல்ல ஒன்று கிடைக்கும். நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அப்போ முதல்ல எதை வாங்கச் சொல்றீங்க?

பிரெஞ்சு ராணுவத்தின் 1873 மாடல் ரிவால்வர். சாந்த் எத்தியேன் நகரத்து அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்தது. 11 மில்லிமீட்டர், ஆறு தோட்டா. மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் இன்னும் கிடைக்கிறது. முதல் உலகப் போரிலும் கைகளில் இருந்தது. செய்து முடித்ததே 1880-களில் என்பதால் ஆன்டிக்கா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

இதை நான் சிபாரிசு செய்வதற்குப் பெரிய காரணம், இது தன்னைப் பற்றித் தானே சொல்லும். என் கையில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன். குழலின் மேல்பகுதியில் மாடலின் பெயர். குழலின் வலப்பக்கம் "எஸ்" என்ற எழுத்தும் 1876 என்ற வருடமும். எஸ் என்றால் சாந்த் எத்தியேன். ஃபிரேமின், அதாவது துப்பாக்கியின் நடு உடலின், வலப்பக்கம் தொழிற்சாலையின் பெயர், கையெழுத்துப் போல வளைந்த எழுத்தில் வெட்டியிருக்கும். ஒரு எழுத்தில் தொடங்கும் வரிசை எண் ஃபிரேமில் இருக்கும், அதன் இலக்கங்கள் மற்றப் பாகங்களிலும் வரும். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.

இன்னொரு விஷயம். சிப்பாய்களுக்குக் கொடுத்த தரைப்படை 1873 நீலப் பூச்சு இல்லாமல் வெறும் எஃகாகவே வந்தது. அதிகாரிகளுக்கான 1874 மாடல்தான் நீலப் பூச்சோடு, சிலிண்டரில் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையில்) பள்ளக் கோடுகளோடு, எடை குறைவாக வந்தது. அது எண்ணிக்கையில் மிகக் குறைவு, விலையும் ஏறும். ஆகவே கருநீலமாக மின்னும் ஒரு 1873-ஐ யாராவது காட்டினால், பிற்காலத்தில் யாரோ பூசியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

எனக்கு ஜெர்மன்தான் வேணும். லூகர் இல்லாம வேற எதுவும் இல்லையா?

ரைக்ஸ்ரிவால்வர் இருக்கிறது. 1879 மாடல் நீளக் குழல், 1883 மாடல் குட்டைக் குழல். இரண்டும் 10.6 மில்லிமீட்டர். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் கம்பிகூட அதில் கிடையாது, தனியாக ஒரு குச்சியால் தள்ள வேண்டும். ஆனால் உலோகத்தில் படைப்பிரிவின் முத்திரை குத்தியிருக்கும். எந்த ரெஜிமென்ட், அதன் உட்பிரிவான எந்த கம்பெனி, அந்த கம்பெனியில் எத்தனையாவது துப்பாக்கி என்பது வரை. லூகரைத் தேடி வந்த மூன்று நண்பர்களை இதன் பக்கம் திருப்பியிருக்கிறேன்.

ரஷ்ய நாகான் ரொம்ப மலிவுன்னு சொல்றாங்களே?

மலிவாக இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் பழைய சோவியத் கிடங்குகளிலிருந்து வந்து குவிந்தபோது உறையோடு நூறு டாலருக்குக் கிடைத்த காலம் உண்டு. இன்று அந்த விலையை மறந்துவிடுங்கள், ஆனாலும் ராணுவ ரிவால்வர்களில் எட்டும் விலையில் இருப்பது இதுதான். பொறியியல் பிடித்தவர்களுக்கு இது விருந்து: ஏழு தோட்டா, குதிரையை (பின்னால் இருக்கும் சுத்தியலை) இழுத்ததும் சிலிண்டர் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் வாயு கசியாது.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1898 வரை செய்த முதல் தொகுதி ஆன்டிக். துலா தொழிற்சாலையிலும் பிறகு சோவியத் காலத்திலும் செய்தவை அநேகமாக எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம். சந்தையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சோவியத் காலத்தில் புதுப்பித்தவை, அமெரிக்க இறக்குமதியாளரின் முத்திரையும் குழலிலோ ஃபிரேமிலோ இருக்கும். அதனால் வரலாற்று மதிப்பு கொஞ்சம் குறையும். விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1899-க்கு அப்புறம் செஞ்சதை வாங்கணும்னா சி அண்டு ஆர் லைசென்ஸ் எடுக்கணுமா?

கட்டாயமில்லை, ஆனால் சேகரிப்பில் தொடர்வதாக இருந்தால் எடுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பழையதாய், மாற்றம் செய்யாமல் இருக்கும் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கான கூட்டாட்சி உரிமம் அது. மூன்று வருடத்துக்கு 30 டாலர், வயது 21 ஆகியிருக்க வேண்டும். அது இருந்தால் வேறு மாநில விற்பனையாளரிடமிருந்து நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சில மாநிலங்கள் இந்த வசதியையும் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் இல்லாவிட்டால் உள்ளூர் டீலர் வழியாக, வழக்கமான சோதனையோடு வாங்கலாம்.

வருஷம் எழுதாத துப்பாக்கி 1898-க்கு முன்னாடின்னு எப்படி நம்புறது? விக்கிறவர் சொன்னா போதாதா?

போதாது. நீங்கள் வைத்திருக்கும் பொருளுக்கு நீங்கள்தான் பொறுப்பு. வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, எந்த எண் எந்த வருடம் என்ற அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். கோல்ட் போன்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் பழைய ஏடுகளைப் பார்த்து, அந்த எண் எப்போது தொழிற்சாலையை விட்டுப் போனது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தருவார்கள்.

கோட்டின் இருபக்கமும் கால் வைத்த மாடல்களில்தான் தகராறு. ஸ்வீடனின் 1887 மாடலை ஹுஸ்க்வார்னா 1897-இல் தொடங்கி 1905 வரை செய்தது. அந்த நிறுவனம் செய்ததில் முதல் இரண்டு வருடத்து உற்பத்தி மட்டும் ஆன்டிக், மீதி இல்லை. பிரான்சின் 1892 மாடலில் குழலிலேயே வருடம் இருப்பது வசதி, ஆனால் குழலை மாற்றியிருக்கவும் கூடும். அதனால் ஃபிரேமின் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்கில் வருவது ஃபிரேம் செய்த காலம். சந்தேகம் தீரவில்லையென்றால் அது ஆன்டிக் அல்ல என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

பளபளன்னு இருக்கறதை எடுக்கவா, கருத்துப் போனதை எடுக்கவா?

கருத்துப் போனதை. நான் முதலில் வாங்கிய துப்பாக்கி கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு கண்காட்சியில், மேசைக்கு மேல் மஞ்சள் விளக்கு. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. திருகாணிகளைச் சுற்றி உலோகம் சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. கூர்மையாக இருக்க வேண்டிய குழலின் விளிம்புகள் சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தன. முத்திரையில் பாதி எழுத்துகள் இல்லை. யாரோ மோட்டார் சக்கரத்தில் வைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். முத்திரைதான் அதன் வரலாறு, அது தூளாகப் போய்விட்டது. கொடுத்த விலையில் பாதிக்குத்தான் பிறகு விற்க முடிந்தது.

நூறு வருடத்தில் எஃகு சீராக ஒரு பழுப்புச் சாம்பல் நிறத்துக்கு வரும். அது குறையல்ல. சிவப்பாகப் பொடி உதிரும் துருவும், உலோகத்தைத் தின்ற குழிகளும்தான் குறை. விரல் நகத்தால் முத்திரையின் மேல் தடவிப் பாருங்கள், எழுத்தின் விளிம்பு நகத்தில் தட்டுப்பட வேண்டும்.

"டவர்"னு முத்திரை, கிழக்கிந்தியக் கம்பெனி பிஸ்டலாம், இருநூறு டாலர்தான். எடுக்கலாமா?

"டவர்" என்பது லண்டன் டவர் ஆயுதசாலையின் முத்திரை. நம் ஊர் வரலாறோடு ஒட்டியது என்பதால் எல்லோருக்கும் இதில் ஒரு ஆசை. எனக்கும் உண்டு. ஆனால் அதிகம் ஏமாற்றும் வகையும் இதுதான். கைபர் கணவாய்ப் பக்கத்துக் கடைத்தெருக்களில் பழைய பிரிட்டிஷ் பாணித் துப்பாக்கிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து விற்றிருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானுக்குப் போன சிப்பாய்கள் நினைவுப்பொருளாக அவற்றை நிறைய வாங்கி வந்தார்கள்.

எழுத்தை உற்றுப் பாருங்கள். கடைத்தெருவில் செய்ததில் அச்சு வைத்துக் குத்தாமல் உளியால் ஒவ்வொரு கோடாக வெட்டியிருக்கும். ஓர் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திரும்பியிருக்கும். கிரீடம் கோணலாக இருக்கும். அசலில் கம்பெனியின் சின்னமாக முதலில் இதய வடிவமும், 1808-க்குப் பிறகு எழுந்து நிற்கும் சிங்கமும் வரும், இரண்டுமே துல்லியமான அச்சுக் குத்து. கடைத்தெருப் பிரதியைப் பிடித்துப்போய் அதற்குரிய விலைக்கு வாங்கினால் தப்பில்லை. கம்பெனி விலைக்கு வாங்காதீர்கள்.

ஒரு வெப்லி வருது, ".45 ஆட்டோ தோட்டாவும் போகும்"னு போட்டிருக்காங்க. நல்லதுதானே?

நல்லதில்லை. பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர் .455 தோட்டாவுக்குச் செய்தது. அந்தத் தோட்டா கிடைக்கவில்லை என்று அமெரிக்காவில் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைந்து மெலிதாக்கி, எளிதில் கிடைக்கும் .45-ஐப் போட வழி செய்தார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லி தாங்கும் அளவுக்கு மேல். கடைந்த சிலிண்டரைத் திரும்ப ஒட்டவும் முடியாது. விற்பவர் வசதி என்று சொல்வதே உங்கள் பக்கம் குறை.

எங்கே வாங்கறது? படத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது. எடுக்கும் முன் மேசைக்காரரிடம் கேளுங்கள், அது அங்கே மரியாதை. ஆன்லைன் என்றால் மூன்று நாள் பார்த்துத் திருப்பும் வசதி தருபவரிடம் மட்டும். இருபக்கமும், குழலின் மேல்பகுதி, எல்லா முத்திரைகளும், திருகாணித் தலைகள், சிலிண்டரின் முகம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். திருகாணித் தலையின் பள்ளம் சிதைந்திருந்தால் தெரியாதவர் யாரோ உள்ளே திறந்திருக்கிறார். படம் தரத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

வாங்கினதை ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். 1870-களின் எஃகு கரும்பொடி வெடிமருந்துக்குச் செய்தது. இன்றைய மருந்து வேறு வேகத்தில் எரியும், சிலிண்டர் பிளக்கும். பிளந்தால் துப்பாக்கியோடு கையும் போகும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்வது. விசையில் விரல் படாமல், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து சிலிண்டரை ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பாருங்கள். ஆறு அறை என்றால் ஆறையும். முன்வாய் வழியாக மருந்து போடும் பழைய பிஸ்டலில் இது தெரியாது. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு போகிறது என்பதை வெளியே குழலின் நீளத்தோடு வைத்துப் பாருங்கள். குறைந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம், நிபுணரிடம் கொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேழைக்குப் பூட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டுப் பேழைக்கும் பூட்டு உண்டு.

நான் எச்1பி-ல இருக்கேன். நியூ ஜெர்சி. ஆன்டிக்னா பரவாயில்லைதானே?

இரண்டு சிக்கல் இதில். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை சொல்கிறது. முதல் கேள்வியில் சொன்னபடி 1898 வரை செய்தது அந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. ஆனால் நியூ ஜெர்சியின் கோடு வேறு. அங்கே 1898-க்கு "முன்" செய்திருக்க வேண்டும், அதாவது 1898-ஆம் வருடமே சேராது. தோட்டா போடும் வகையானால் அந்தத் தோட்டா கடையில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும்.

வருடத்தில் ஒரு சின்னத் தவறு நேர்ந்தால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, விசாவும்தான். கிரீன் கார்டு வரும்வரை பொறுங்கள் என்றுதான் என் தம்பிக்கும் சொன்னேன். அவன் இப்போது தோல் உறைகளையும் பழைய ராணுவக் கையேடுகளையும் சேர்க்கிறான். அவசரமானால் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

லண்டன்ல என் மச்சான் இருக்கான். அவன் அந்த பிரெஞ்சு ரிவால்வரை வாங்கலாமா?

சான்றிதழ் இல்லாமல் முடியாது. பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலை வைத்துத்தான் ஆன்டிக்கா என்று முடிவு செய்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த விதிகள் ஏழு வகைத் தோட்டாக்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. குற்றவாளிகள் அவற்றைப் பயன்படுத்தியது காரணம். பிரெஞ்சு 11 மில்லிமீட்டரும் ஜெர்மன் 10.6-உம் அந்த ஏழில் உண்டு. நான் மேலே சிபாரிசு செய்த இரண்டுமே அங்கே செல்லாது. கனடாவிலும் 1898-க்கு முன் என்ற கோட்டோடு விலக்கிய தோட்டா வகைகளும் உண்டு.

ஊருக்குக் கொண்டுபோய் அப்பா வீட்டுல ஷோகேஸ்ல வைக்கலாமா?

கூடாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். பழமையானதற்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான். உங்களுடையது இயங்கும். விமான நிலையத்தில் அதிகாரியிடம் 1898 கதையைச் சொல்லிப் பயனில்லை. அப்பாவுக்கு நல்ல படங்களை எடுத்து அனுப்புங்கள்.

எப்படிப் பாதுகாக்கிறது? கூடவே வந்த தோல் உறையிலேயே வச்சிடலாமா?

உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனமும் எஃகை அரிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கையுறையோடு தொடுங்கள், அல்லது தொட்டபின் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வியர்வை ரேகை அப்படியே துருவாக எழும். மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று போதும். உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

இதை வச்சிருந்த சிப்பாய் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?

எல்லோரும் கடைசியில் கேட்பது இதுதான். பெயர் வரை போவது மிக அரிது. ரைக்ஸ்ரிவால்வரில் படைப்பிரிவு முத்திரை இருந்தால் அந்த ரெஜிமென்ட் எந்த ஊரில் இருந்தது, எந்தப் போருக்குப் போனது என்பது வரை வரலாற்று நூல்களில் தேடலாம். ஒரே கம்பெனியில் அந்த எண்ணோடு ஒரு காலத்தில் ஒன்றுதான் இருந்திருக்கும்.

பிரெஞ்சு 1873-இல் அந்த வசதி இல்லை. என்னுடையதின் பிடியைப் பொருத்தமான திருப்புளியால் ஒரே ஒரு முறை கழற்றினேன். மரத்தின் உட்பக்கம், யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஊசியால் கீறியது போல இரண்டு எழுத்துகள், பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. தொழிற்சாலை முத்திரை அப்படி இருக்காது. படம் எடுத்துக்கொண்டு, மரத்தைத் திரும்பப் பொருத்திவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் படத்தையும் காட்டுவேன்.